தெரிவு உரிமையாளருடையது

மென்பொருளைப் புதுப்பிப்பது வேறு. பாவனையாளரின் தெரிவை மாற்றுவது வேறு. இந்த வேறுபாட்டைப் பேணாத புதுப்பிப்பை முன்னேற்றம் என்று நான் ஏற்கமாட்டேன்.

2018இல் வேர்ட்பிரஸ் தளமொன்றில் படத்தை ஏற்றினால் அதற்கெனத் தனிப் பக்கமொன்றும் உருவாகும் வழக்கம் இருந்தது; பெரும்பாலும் படத்தைத் தவிர அதில் எதுவும் இராது. அங்கு வருவோரை நேரே படத்துக்கு அனுப்பிவிட யோஸ்ட் எஸ்.ஈ.ஓ. என்ற செருகுநிரலில் ஒரு தெரிவு உண்டு. 2018 மார்ச்சில் வெளிவந்த அதன் 7.0 பதிப்பிலிருந்த வழு, உரிமையாளர் அறியாமலே அத்தெரிவை 'இல்லை' என மாற்றிவிட்டது. வெற்றுப் பக்கங்கள் கூகுளின் தேடல் அட்டவணைக்குள் புகுந்தன. நிறுவனம் தவறை ஒப்புக்கொண்டது, 7.0.3 பதிப்பில் திருத்தியது. அப்பக்கங்களை அகற்றத் தனியொரு செருகுநிரலையும் வெளியிட்டது. நேர்மைதான். ஆனால், தளத்தைத் துப்புரவாக்கும் சுமை உரிமையாளரின் தலையில் அல்லவா விழுந்தது?

"இலவசமாகக் கிடைப்பதில் குறை காணலாமா?" என்பர் சிலர். இலவசம் என்பது விலையைப் பற்றிய சொல், பொறுப்பைப் பற்றியதன்று. ஆசிரியர் ஒப்பமிட்ட பக்கம் அச்சகத்தில் மாறிப்போனால், "புதிய இயந்திரம் வந்துவிட்டது" என்ற விளக்கத்தை எந்தப் பத்திரிகை அலுவலகம் ஏற்கும்?

நான் கேட்பது சிறிது: ஒவ்வொரு புதுப்பிப்பும் முடிந்ததும் எந்தத் தெரிவு மாறியது என்பதைக் காட்டுங்கள். மாற்றத்தான் வேண்டுமெனில், முதலில் எங்களைக் கேளுங்கள்.