கறுப்பு வெள்ளைதானே அண்ணை!

"கறுப்பு வெள்ளைதானே அண்ணை, அதில என்ன கரைச்சல்?" இந்த வசனத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கலர்ப் படத்தில் வானம் கொஞ்சம் கூடுதலாக நீலமானால் யாரும் குறை சொல்வதில்லை. சேலை சற்றுச் சிவந்தால் வடிவாக இருக்கிறது என்பார்கள். சாம்பல் அப்படி ஏமாற்ற விடாது. ஒரு துளி பச்சை கூடினாலே கண் பிடித்துவிடும். நம்பாவிட்டால் மன்னார்த் தெருவில் நிற்கும் கழுதை ஒன்றைப் படமெடுத்து, கலரை நீக்கி, வீட்டுப் பிரிண்டரில் அடித்துப் பாருங்கள். டியூப் லைட்டுக்குக் கீழே பாசி பிடித்த கழுதை. தாளை முற்றத்துக்குக் கொண்டுபோனால் ரோஸ் கழுதை.

காரணம் எளிது. நாங்கள் வாங்கக்கூடிய, போத்தலில் மை ஊற்றும் பிரிண்டர்களில் பெரும்பாலானவற்றுக்குச் சாம்பல் மை என்று ஒன்று கிடையாது. உள்ளது நாலு மை. பளபளப்பான போட்டோத் தாள் என்று சொல்லிவிட்டால் பல மெஷின்கள் கறுப்பு மையையும் தொடாமல், நீலம், சிவப்பு, மஞ்சள் மூன்றையும் கலந்துதான் சாம்பலாக்குகின்றன. அந்தக் கலவை ஒரு வெளிச்சத்தில் நடுநிலையாகத் தெரிந்தால் இன்னொரு வெளிச்சத்தில் சாய்ந்துவிடும். இதற்கான மருந்து கண்டுபிடிக்கப்பட்டு எத்தனையோ வருடமாகிறது. 2005இல் எப்சன் ஆர்2400 என்ற பிரிண்டர் கறுப்பு, இளங்கறுப்பு, அதைவிட இளங்கறுப்பு என்று மூன்று கறுப்பு மைகளோடு வந்தது. கறுப்பு வெள்ளைக்கென்றே அதில் தனி முறையும் இருந்தது. அந்த வகை மெஷினின் ஒரு செட் மைக்குக் கொடுக்கும் காசில் இங்கே ஒரு சாதாரணப் பிரிண்டரே வாங்கிவிடலாம். சரி, விடுவோம்.

பச்சையையும் ரோஸையும்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது இருட்டு.

கணினி பிரிண்டருக்கு அனுப்புவது வெறும் எண். 50 வீதம் கறுப்பு என்றால் பாதிச் சாம்பல் வரவேண்டும். ஆனால் மை தாளில் விழுந்ததும் பரவும். பக்கத்திலிருக்கும் வெள்ளையைத் தின்னும். 50 கேட்ட இடத்தில் 70 வரும். 80க்கு மேல் போனால் 85, 90, 95 எல்லாம் ஒரே கரி. இதைச் சரிசெய்வதுதான் லீனியரைசேஷன். பெயர்தான் பயமுறுத்தும், வேலை அப்படியில்லை. வெள்ளையிலிருந்து கறுப்புவரை ஐந்து ஐந்து வீதமாக 21 கட்டங்களை ஒரு படிக்கட்டாக அடிக்க வேண்டும். ஒரு நாள் காய விட வேண்டும். ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு இருண்டிருக்கிறது என்று கருவியால் அளந்து, படிகள் சமமாக இறங்கும்படி வளைகோட்டைத் திருத்த வேண்டும். ரோய் ஹாரிங்டன் என்பவர் எழுதிய குவாட்டோன் ரிப் போன்ற மென்பொருள்கள் அளவுகளைக் கொடுத்தால் அந்த வளைகோட்டைத் தாங்களே போட்டுவிடும்.

அளக்கும் கருவியைத்தான் நான் இந்த மன்னார்த் தீவில் எந்தக் கடையிலும் கண்டதில்லை. அதற்குப் பதிலாகக் கடைக்காரர்கள், தாள் உற்பத்தியாளர் இணையத்தில் போட்டிருக்கும் நிறத் திருத்தப் புரொஃபைலை இறக்கிப் போட்டுவிட்டு, "கலர் மனேஜ்மென்ட் செய்தாச்சு" என்கிறார்கள். அது அவருடைய மைக்கும் அவருடைய மெஷினுக்கும் எழுதியது. ஊற்றியிருப்பது வேறு மை, வைத்திருப்பது கொழும்பிலிருந்து வந்த பெயரில்லாத தாள். பக்கத்து வீட்டுக்காரரின் மூக்குக்கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு எழுத்துத் தெரியவில்லை என்கிற கதை. போதாக்குறைக்கு, மென்பொருளும் நிறத்தைத் திருத்தும், பிரிண்டர் டிரைவரும் இன்னொரு தடவை திருத்தும். இரண்டில் ஒன்றை நிறுத்துங்கள் என்றால் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள்.

இதெல்லாம் பொழுதுபோக்குக்காரனின் புலம்பல் என்று நினைக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் பெரிதாக்கிக் கேட்கப்படும் படங்கள் எவை என்று பாருங்கள். 1990இல் போருக்குத் தப்பி வள்ளமேறி இந்தியாவின் மண்டபம் முகாமுக்குப் போனவர்கள், அதே வருடம் ஒக்டோபரில் எருக்கலம்பிட்டியிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளம் போன முஸ்லிம்கள், அதற்குப் பிறகும் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து அலைந்தவர்கள். அல்பம் எடுக்க யாருக்கு நேரமிருந்தது? சட்டைப்பையில் மிஞ்சியது அடையாள அட்டை. 1972இல் தொடங்கிய அந்தப் பழைய அட்டையில் ஒட்டியிருப்பது கறுப்பு வெள்ளைப் படம். பெருவிரல் அளவு. அதைத்தான் ஸ்கான் பண்ணி, செத்தவீட்டுக்கும் 31ஆம் நாள் திருப்பலிக்கும் சட்டகம் போடுகிறோம். பல வீடுகளில் அந்த மனிதருக்கு வேறு முகமே இல்லை.

அந்த முகங்கள் கறுத்த முகங்கள். பேசாலையிலும் பள்ளிமுனையிலும் வெயிலில் கரைவலை இழுத்தவர்கள். அவர்களுடைய கன்னம், கண்குழி, மீசை, தலைமுடி எல்லாம் 60 வீதக் கறுப்புக்கும் 95 வீதக் கறுப்புக்கும் இடையில்தான் கிடக்கின்றன. மெஷின் விழுங்குவதும் சரியாக அந்த இடத்தைத்தான். வெள்ளைத் தோலுக்கு இந்தப் பிழை அவ்வளவாக உறைக்காது.

கடைக்காரர் என்ன செய்கிறார்? பிரைட்னஸைக் கூட்டுகிறார். மொத்தப் படமும் மேலே தூக்கப்படுகிறது. மீசை கொஞ்சம் தெரிகிறது, நெற்றியும் சட்டைக் கொலரும் தாளோடு தாளாகப் போய்விடுகின்றன. கடலில் நின்று கறுத்த மனிதர் பவுடர் அப்பிய மாப்பிள்ளையாகி வருகிறார். "இப்ப வெள்ளையா, வடிவா இருக்குத்தானே?" என்று கேள்வி வேறு. வீட்டுக்காரர்களும் தலையாட்டுகிறார்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட எரிச்சல். கருவியின் பிழையை மனிதரின் தோலில் திருத்துவது எந்த ஊர் நியாயம்?

இதே இலங்கையில்தான் லயனல் வென்ட் என்ற புகைப்படக் கலைஞர் இருந்தார். 1900இல் பிறந்து 1944இல் இறந்த மனிதர். கறுத்த உடல்களைக் கறுப்பாகவே வைத்து, அந்தக் கறுப்புக்குள்ளேயே தசையும் ஈரமும் பளபளப்பும் தெரிய அச்செடுத்தார். கணினியில்லாத இருட்டறையில் அவரால் முடிந்தது, எங்களால் முடியவில்லை.

கறுப்புக்கும் எல்லையுண்டு என்பதை ஒத்துக்கொள்கிறேன். பளபளப்பில்லாத தாளில் மை எவ்வளவு ஊற்றினாலும் அடர்த்தி 1.6, 1.7க்கு மேல் ஏறுவது கடினம். பளபளப்புத் தாளில் 2ஐத் தாண்டும். அளவுக்கு மீறி ஊற்றினால் மை தேங்குமே தவிரக் கறுக்காது. அந்தக் குறுகிய இடத்துக்குள் படிகளைச் சமமாகப் பிரித்துக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

   சுவரில் மாட்டிய பிறகு, சாம்பலுக்காகக் கலந்த மூன்று கலர் மைகளும் ஒரே வேகத்தில் வெளிறுவதுமில்லை. சில வருடத்தில் சாம்பல் செம்மண்ணாகும்.

ஆகவே அட்டையைக் கொண்டு கடைக்குப் போகிறவர்கள் தயவுசெய்து இரண்டு விடயம் செய்யுங்கள். முகத்தை வெளுக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லுங்கள். பிறகு, அதே தாளின் மிச்சத்துண்டில் 21 கட்டப் படிக்கட்டை அடித்துக் காட்டச் சொல்லுங்கள். கருவியில்லாவிட்டாலும் கண்ணிருக்கிறது: கடைசி நாலு கட்டங்களுக்கும் இடையில் கோடு தெரியாவிட்டால் காசு கொடுக்காதீர்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.