‘ஸ்டாஃப் நேர்ஸ்’ என்று மட்டும் போட்டிருந்தேன்



போன மாதம் ஆராதனை முடிந்து தேநீர் குடித்துக்கொண்டு நிற்கும்போது ஒரு தங்கச்சி என்னைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிற வேலை தொடங்கியிருக்கிறன். இன்ஸ்டாகிராமில நிறையப் பேர் பார்க்கினம், லைக் போடினம். ஆனா ஒரு வாடிக்கையாளரும் வரேல்ல. லிங்க்ட்இன்ல போட்டா வருமோ?”

இந்த மாதப் பக்கத்தில் பதில் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்குத் தெரிந்தது என் சொந்த அனுபவம்தான். கிழமையில் மூன்று நாள் வார்டில் வேலை. மற்ற நாட்களில் நேர்சரி ஊழியர்களுக்கு முதலுதவி வகுப்பு எடுக்கிறேன். தொடங்கிய புதிதில் வகுப்புக்கு வந்தவர்கள் எல்லாம் நம் சபைக் குடும்பங்கள். அன்போடு வந்தார்கள், ஒருமுறை படித்தார்கள், அத்தோடு முடிந்தது. அதே ஆட்களை எத்தனை தரம் கூப்பிடுவது?

பிறகுதான் யோசித்தேன், இந்த வகுப்பு யாருக்குக் கட்டாயம் தேவை என்று. இங்கிலாந்தில் நேர்சரியில் பிள்ளைகள் இருக்கும் நேரமெல்லாம், குழந்தைகளுக்கான முழு முதலுதவிச் சான்றிதழ் உள்ள ஒருவராவது அங்கே இருக்க வேண்டும். 12 மணிநேரப் பயிற்சி. 3 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அப்படியென்றால் எனக்கு வேண்டியவர் நேர்சரி மனேஜர். அவர் நம் வாட்ஸ்அப் குழுவில் இல்லை. லிங்க்ட்இன்னில் இருந்தார்.

அங்கே என் பக்கத்தைத் திறந்து பார்த்தால் எனக்கே வெட்கமாக இருந்தது. கல்யாண வீட்டில் எடுத்த போட்டோ, ஓரத்தில் யாரோ ஒருவரின் தோள். பெயருக்குக் கீழே ‘ஸ்டாஃப் நேர்ஸ்’. முதலுதவிப் பயிற்சியாளரைத் தேடுகிறவருக்கு அது எப்படிக் கண்ணில் படும்? அந்த வரிக்கு 220 எழுத்து இடம் இருக்கிறது. ‘குழந்தைகள் வார்டு நேர்ஸ். கிழக்கு லண்டன் நேர்சரிகளுக்கு முதலுதவிப் பயிற்சி, சனிக்கிழமைகளிலும்’ என்று ஆங்கிலத்தில் எழுத எனக்கு இரண்டு கிழமை எடுத்தது. நேரம் இல்லாமல் அல்ல, கூச்சத்தால். தன்னைப் பற்றித் தானே சொல்வது பெருமை என்றுதான் நம் வீடுகளில் வளர்ந்தோம். ஆனால் வார்டில் புது நோயாளியிடம் போனால் பெயரையும் என்ன வேலை செய்கிறேன் என்பதையும் முதலில் சொல்கிறேன். அதை யாரும் பெருமை என்று சொல்வதில்லை.

அடுத்ததாக ஒரு பிழை செய்தேன். இணைப்பை ஏற்றுக்கொண்ட நாற்பது பேருக்கும் ஒரே கடிதத்தைப் பிரதி எடுத்து அனுப்பினேன். ஒருவர்தான் பதில் போட்டார், இனி அனுப்ப வேண்டாம் என்று. பிறகு ஒருவரை மட்டும் எடுத்துக்கொண்டேன். அவர் எழுதியவற்றை வாசித்தேன். இரண்டு புதிய ஊழியர் சேர்ந்திருப்பதாகப் போட்டிருந்தார். ‘வார நாளில் ஆட்களை விடுவது கஷ்டம் என்றால், சனிக்கிழமை வந்து எடுக்கலாமா?’ என்று மூன்று வரி எழுதினேன். அன்று பின்னேரமே பதில் வந்தது. அந்த நேர்சரி இன்றைக்கும் என்னைக் கூப்பிடுகிறது. அவர் சொல்லித்தான் இன்னும் இரண்டு நேர்சரிகள் வந்தன.

கிழமைக்கு ஒன்று, ரயிலில் இருந்தபடி ஏதாவது எழுதிப் போடுவேன். சூடு பட்டால் 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த தண்ணீரில் பிடிக்க வேண்டும், பற்பசையும் பட்டரும் பூசக்கூடாது என்று எழுதியதைத்தான் அதிகம் பேர் வாசித்தார்கள். (நம் அம்மம்மாமார் மன்னிக்கவும்.) என்னிடம் வாங்குங்கள் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை.

ஆனால் ஒரு பதிவை நினைத்தால் இன்றைக்கும் கை நடுங்குகிறது. இரவு வேலை முடிந்து வந்த களைப்பில், வார்டுக்கு வந்த ஒரு பிள்ளையைப் பற்றி எழுதிவிட்டேன். பெயர் போடவில்லை, ஆஸ்பத்திரியின் பெயரும் போடவில்லை. வயதும் விபத்து நடந்த விதமும் மட்டும். ஒரு மணித்தியாலத்துக்குள் கூட வேலை செய்யும் அக்கா போன் எடுத்தார்: “அது எந்தப் பிள்ளை என்று எனக்கு விளங்குது. தாய் பார்த்தால் அவவுக்கும் விளங்கும்.” உடனே எடுத்துவிட்டு, அடுத்த நாள் காலையில் நானே வார்டு மனேஜரிடம் போய்ச் சொன்னேன். நோயாளியின் இரகசியம் காப்பது என்.எம்.சி. கோட்பாட்டில் உள்ள கடமை. பதிவுப் பட்டியலில் இருந்து பெயரே போயிருக்கலாம். எச்சரிக்கையோடு முடிந்தது. அன்றிலிருந்து வார்டுக் கதை ஒன்றும் அங்கே எழுதுவதில்லை, பத்து வருடப் பழைய கதை என்றாலும்.

தங்கச்சி, உன் வேலையிலும் இதே ஆபத்து இருக்கிறது. ‘எங்கள் தெருவில் ஒரு உணவகம் வரி கட்டாமல் மாட்டிக்கொண்டது’ என்று எழுதினால், அது எந்தக் கடை என்று தெருவுக்கே தெரியும். இன்னொன்று: இங்கே மற்றவர்களுக்குக் கணக்கு எழுதுகிறவர், பணச்சலவைத் தடுப்புச் சட்டத்தின்படி எச்.எம்.ஆர்.சி.யிலோ அங்கீகரித்த தொழில் அமைப்பு ஒன்றிலோ கண்காணிப்புக்குப் பதிந்திருக்க வேண்டும். பதிந்துவிட்டாயா? அதை முதலில் செய். பதிந்ததை உன் பக்கத்திலும் போடு. முன்பின் தெரியாத கடைக்காரருக்கு அதுதான் தைரியம் கொடுக்கும்.

எழுத விஷயம் இல்லை என்றாய். என் அண்ணா வான் ஓட்டுகிறவர். சுயதொழில் வரவு வருடத்துக்கு 50,000 பவுணுக்கு மேல் உள்ளவர்கள் 2026 ஏப்ரல் 6 முதல் கணக்கை மென்பொருளில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்ப வேண்டும். 2027 ஏப்ரலில் அந்த வரம்பு 30,000 ஆகக் குறைகிறது. அண்ணாவுக்கு இது தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. செலவைக் கழிப்பதற்கு முன் உள்ள தொகையைத்தான் பார்க்கிறார்கள் என்பது அவருக்கு நேற்றுவரை தெரியாது. அவரைப்போல எத்தனை பேர் அங்கே இருக்கிறார்கள்! அவருக்குச் சொல்வதுபோல ஐந்து வரி எழுது. அதுதான் உன் முதல் பதிவு.

அடுத்த ஞாயிறு மடிக்கணினியைக் கொண்டு வா. ஓய்வுநாள் பள்ளி முடிந்ததும் பக்கத்து அறை காலியாக இருக்கும்.