முகம் மட்டும் போதுமோ?

அரசவைக் காட்சி. மேடையிலே மன்னன் முழங்குகிறான். மந்திரி மறுமொழி கூறுகிறான். ஓரத்திலே வேல் பிடித்த காவலன் நிற்கிறான். திரை விழும்வரை அவன் வாய் திறப்பதில்லை. "எம் நாடகத்தில் எளியோனுக்கும் இடமுண்டு" என்று அவனைக் காட்டி ஒருவர் மார்தட்டினால் நகைக்கமாட்டீர்களா? நாடகம் எழுதிப் பழகிய எனக்குக் குறும்படம் எதைப் பார்த்தாலும் அந்தக் காவலன் நினைவே வருகிறது.

ஒதுக்கப்பட்டோர்க்குத் திரையிலும் திரைக்குப் பின்னாலும் இடம் வேண்டும் என்று அமெரிக்காவின் ஆஸ்கார் அமைப்பு 2020இல் விதி வகுத்தது. 2024 விருதுகள் முதல் நடைமுறைக்கும் கொணர்ந்தது. ஆனால் அது சிறந்த திரைப்பட விருதுக்கு மட்டுமே! 40 நிமிடத்துக்கு மிகாத குறும்படத்தை அவ்விதி தொடுவதில்லை. ஆகவே, அளவுகோலை நாமே எடுப்போம்.

2023 மார்ச்சில் அதே மேடையில் குறு ஆவணப்பட விருது பெற்றது 'தி எலிபெண்ட் விஸ்பரர்ஸ்'. இயக்கியவர் உதகையில் வளர்ந்த கார்த்திகி கொன்சால்வ்ஸ். முதுமலை தெப்பக்காடு முகாமில், தாயை இழந்த யானைக்கன்று ரகுவைத் தம் பிள்ளைபோல் வளர்த்த பொம்மனும் பெள்ளியும் அதன் நாயகர்கள், காட்டுநாயக்கர் குடியினர்.

பேசுவது யார்? இது முதற்கேள்வி. அவ்விருவருமே பேசுகிறார்கள். பட்டணத்துப் பண்டிதர் எவரும் அவர்களைப் பற்றிப் பாடம் நடத்தவில்லை. பாராட்டுவோம்!

எம்மொழியில்? தமிழ்ப் படம் என்றே உலகம் பதிவு செய்தது, நாமும் பூரித்தோம். ஆயினும், காட்டுநாயக்கருக்குத் தமக்கென ஒரு மொழி உண்டே! தாய்மொழிக்காகச் சிறை புகுந்தோரைப் போற்றும் நாம் அதை மறக்கலாமா?

எதைப் பேசினர்? அன்பைப் பேசினர், நெஞ்சம் நெகிழ்ந்தது. ஆனால் காட்டில் அவர்க்குள்ள உரிமையை ஏற்ற 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் பக்கம் படம் செல்லவில்லை. விருதுக்குப் பின்னரே, யானைப் பாகர்களும் காவடிகளுமாக 91 பேருக்குத் தலா ஒரு லட்சம் ரூபாயும், வீடு கட்ட 9 கோடியே 10 லட்சம் ரூபாயும் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நல்ல வீடில்லாக் குறையை நாடறிய, விருது வரவேண்டியிருந்தது!

"நாற்பது நிமிடத்தில் எத்தனையைத்தான் சொல்வது?" என்பீர்கள். எல்லாவற்றையும் சொல்ல வேண்டாம். "உமக்கு என்ன வேண்டும்?" என்று கேட்க ஒரு நிமிடம் போதாதா?

இதை நான் எழுதுவது கனகம்மாசத்திரத்திலிருந்து. திருத்தணிப் பகுதி 1960 ஏப்ரல் முதல் நாள் தமிழகத்தோடு இணைந்தது. ஆந்திர எல்லையோர மண் இது. தமிழும் தெலுங்கும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றன. ஊரைப் படமெடுப்போர் இரு குரலையும் எடுத்தாக வேண்டும். மூன்றாவது குரலும் உண்டு. மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று தமிழ்நாட்டில் குறிக்கப்பட்ட ஆறில், காட்டுநாயக்கரோடு இருளரும் இருக்கின்றனர். செங்கற்சூளையிலும் அரிசி ஆலையிலும் கொத்தடிமையாகக் கிடந்து மீட்கப்பட்ட இருளர் குடும்பங்கள் நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே உள்ளன.

கைப்பேசி ஏந்திய இளந்தோழர்களே! நாளை அவர்களைப் படமெடுக்கச் செல்வீர்கள். கண்ணீரை மட்டும் அள்ளிக்கொண்டு திரும்பாதீர்கள். அவர்கள் கதையை அவர்களே சொல்லட்டும். அவர்தம் பிள்ளைகள் படக்கருவியையும் பிடிக்கட்டும். வேலேந்தி நின்றது போதும். காவலன் வாய் திறக்கட்டும்!