மூணாவது வாரம் முடி கொட்டுதா? முழிக்காதீங்க!

இந்த வார மேட்டர் நம்ம தலை பாஸ்... ஐ மீன், தலைமுடி!

ஹேர் டிரான்ஸ்பிளான்ட் பண்ணிக்கிட்டீங்கன்னு வெச்சுக்குவோம். அப்பா கொடுத்தது பாதி, கடன் வாங்கினது மீதி. முன்நெற்றியில் குட்டிக் குட்டியாக முடி நிற்பதைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துப் பூரிக்கிறீர்கள். மூணாவது வாரம் ஒரு காலையில் எழுந்தால், தலையணை முழுக்க முடி! 'போச்சுடா, காசும் போச்சு, முடியும் போச்சு'ன்னு அலறத் தோணுமா, இல்லையா?

அலறாதீங்க. பெரும்பாலானவங்களுக்கு அது கொட்டத்தான் செய்யும்.

பின்மண்டையிலிருந்து எடுத்து முன்னால் வைக்கிறாங்களே, அதில் முக்கியமானது வெளியே தெரிகிற முடி இல்லை. தோலுக்குள் இருக்கும் வேர். இடம் மாறிய அதிர்ச்சியில் வேர் கொஞ்ச நாள் ஓய்வுக்குப் போகும். போகும்போது பழைய முடியைக் கழற்றி விட்டுடும். வயலில் பிடுங்கி நட்ட நாற்று முதலில் வாடி, அப்புறம் பச்சை பிடிக்குமே... அதே கதைதான். சில சமயம் பக்கத்தில் இருக்கும் சொந்த முடியும் சேர்ந்து உதிரும். இதுக்கு டாக்டர்கள் வெச்ச பேர் 'ஷாக் லாஸ்'. அதில் பெரும்பாலும் திரும்ப வந்துடும். ஏற்கெனவே மெலிந்துபோன முடி மட்டும் சில சமயம் டாட்டா காட்டிடும்.

இப்போ காலண்டரை எடுங்க. இரண்டிலிருந்து எட்டு வாரத்துக்குள் உதிரும். அப்புறம் ஒன்றிரண்டு மாசம் தலை பழையபடிதான் இருக்கும். மூணு, நாலு மாசத்தில் பூனை முடி மாதிரி எட்டிப் பார்க்கும். முடி வளர்வது மாசத்துக்குச் சுமார் 1 செ.மீ. தான். ஆறாம் மாசம் வித்தியாசம் தெரியும். முழு ரிசல்ட் பார்க்க ஒரு வருஷம், சிலருக்கு ஒன்றரை வருஷம்கூட ஆகும்.

ஆனா, எல்லாத்தையும் 'சரியாயிடும்'னு விட்டுடாதீங்க. முதல் பத்து நாளைக்குள் ரத்தத்தோடு முடி பிடுங்கிக்கிட்டு வந்தாலோ, சீழ், காய்ச்சல், கூடிக்கிட்டே போகும் வலி இருந்தாலோ உடனே டாக்டரிடம் ஓடுங்க.

இன்னொரு விஷயம், இருபது வயசுக்காரங்களுக்கு. நியூயார்க் டாக்டர் நார்மன் ஓரன்ட்ரைக் 1950-களிலேயே காட்டிட்டார்: பின்மண்டை முடியை எங்கே நட்டாலும் அதன் குணம் மாறாது. நட்ட முடி நிற்கும், சரி. அதுக்குப் பின்னால் இருக்கிற உங்க சொந்த முடி? அது பாட்டுக்குக் கொட்டிக்கிட்டே போகும். நாளைக்கு முன்னால் ஒரு தீவு, பின்னால் மைதானம்! அதை நிரப்பலாம்னா பின்மண்டை ஸ்டாக்கும் அளவானதுதான். அதனாலதான் நல்ல டாக்டர்கள் சின்ன வயசுப் பசங்களை 'கொஞ்சம் பொறுங்க தம்பி'ன்னு சொல்றாங்க.

யாரிடம் போறோம் என்பதும் முக்கியம். 2016-ல் சென்னையில் ஹேர் டிரான்ஸ்பிளான்ட் செய்துகொண்ட ஒரு மருத்துவ மாணவர் இறந்தே போனார். யூடியூபையும் ஒர்க் ஷாப்பையும் பார்த்தால் மட்டும் இந்த ஆபரேஷன் செய்யத் தகுதி வந்துடாதுன்னு தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் சொன்னது. ஸோ, டிஸ்கவுன்ட் போஸ்டரைப் பார்க்காதீங்க. 'கத்தி பிடிக்கப் போவது யார், என்ன படிச்சிருக்கார்?'னு கூச்சப்படாம கேளுங்க.

கடைசியா ஒரு சின்ன கணக்கு. மார்ச்சில் ஃபேர்வெல், ஜனவரியில் ஆபரேஷன்னு பிளான் போட்டிருக்கீங்களா? குரூப் போட்டோ எடுக்கும்போது நட்ட முடி கொட்டி முடிச்சிருக்கும், புதுசு முளைச்சிருக்காது. இருக்கிற தலையோட சிரிச்சுக்கிட்டே போஸ் கொடுங்க பாஸ். ஃபிரெண்ட்ஸ் தேடப்போறது உங்க முகத்தைத்தான்!