பழைய துணி யாருக்கு வேண்டும்?
2001 குடியரசு தினக் காலையில் குஜராத்தின் கட்ச் மாவட்டம் நிலநடுக்கத்தில் குலுங்கியபோது நாடே பதறி உதவியது. சரிதான். ஆனால் லாரி லாரியாகப் போய் இறங்கிய பழைய துணிகள்? பூத்தையலுக்கும் கண்ணாடி வேலைப்பாட்டுக்கும் பேர்போன பெண்களுக்கு, பொத்தான் அறுந்த சட்டையும் சாயம் போன சேலையும்! மூட்டைகள் சாலையோரம் குவிந்து கிடந்ததுதான் மிச்சம். உருப்படியான வேலை வேறு விதமாக நடந்தது. அரசு தவணை தவணையாகப் பணம் தந்தது, பொறியாளர்கள் சரிபார்த்தார்கள், பெரும்பாலான கிராமத்தார் தங்கள் வீட்டைத் தாங்களே எழுப்பிக்கொண்டார்கள். கான்கிரீட் கட்டடங்கள் நொறுங்கிய இடத்தில், அவர்களுடைய ‘புங்கா’ என்னும் வட்ட வீடுகள் பல தாக்குப்பிடித்திருந்தன. வீடு கட்டத் தெரிந்தவர்களுக்கு நாம் என்ன பாடம் நடத்துவது? அடுத்த முறை மூட்டை கட்டுமுன், என்ன வேண்டுமென்று அந்த ஊர்க்காரர்களைக் கேளுங்கள். கேட்க வழியில்லையா, பணமாக அனுப்புங்கள்.