சீனப் பட்டாசா, குளோரேட் பட்டாசா?

தீபாவளி நெருங்கினா எங்க விருதுநகர் மாவட்டத்துல ஒரு கோஷம் தவறாம கேட்கும்: "சீனப் பட்டாசைத் தடை செய்!" பட்டாசை நம்பி அடுப்பெரியுற ஊர்க்காரங்க வயித்தெரிச்சல் எனக்கும் புரியுது. ஆனா அந்தக் கோஷத்துல 'சீன'ங்கிற வார்த்தைதான் நம்மளைக் கவுத்துடும்னு நினைக்கிறேன்.

உலக வர்த்தக அமைப்புல இந்தியா 1995 முதலே உறுப்பினர். சீனா 2001 டிசம்பர்ல சேர்ந்துச்சு. அங்க ரெண்டு அடிப்படை விதி. ஒண்ணு எம்.எஃப்.என். 'மிகவும் வேண்டப்பட்ட நாடு'ன்னு பேரு, அர்த்தம் என்னவோ உல்டா: யாருக்கும் தனிச்சலுகை கிடையாது, யாரையும் தனியா ஒதுக்கவும் கூடாது :-) இன்னொண்ணு நேஷனல் ட்ரீட்மென்ட்: உள்ளே வந்த வெளிநாட்டுச் சரக்கை, அதே மாதிரியான உள்ளூர்ச் சரக்கை விட மட்டமா நடத்தக்கூடாது.

அப்ப வழியே இல்லையான்னா, இருக்கு. மனுஷ உயிரையும் உடல்நலத்தையும் காப்பாத்தத் தடை போடலாம்னு காட் ஒப்பந்தத்தோட 20-வது பிரிவு சொல்லுது. ஆனா பாரபட்சம் இருக்கக்கூடாது. பிரேசில் இங்கதான் மாட்டுச்சு. ரீட்ரெட் டயர் குப்பையா குவிஞ்சா கொசு பெருகும், நோய் வரும்னு இறக்குமதியைத் தடுத்துச்சு. காரணம் சரின்னு ஒத்துக்கிட்டாங்க. ஆனா பக்கத்து மெர்கோசூர் நாடுகளுக்கு மட்டும் கதவைத் திறந்து வெச்சிருந்தது பாரபட்சம்னு 2007-ல தீர்ப்பு எதிரா வந்துச்சு.

நம்ம கேஸ் அதை விட ஸ்ட்ராங். குளோரேட்டும் கந்தகமும் கலந்த மருந்து லேசா உரசினாலே வெடிக்கும்னு 1992-லயே மத்திய அரசு தடை பண்ணிடுச்சு. தயாரிக்கவும் கூடாது, இறக்குமதியும் கூடாது. சிவகாசிக்கும் சீனாவுக்கும் ஒரே சட்டம். வேற சாமான் பேர்ல கன்டெய்னர்ல கடத்திட்டு வர்ற சரக்கைப் பிடிக்க இது போதும். நாட்டுப் பேரே தேவையில்லை.

கசப்பான விஷயம் இனிமேதான். 2018-ல உச்சநீதிமன்றம் பேரியம் உப்பைத் தடை பண்ணுச்சு. அதுக்கப்புறமும் இங்க சிலர் அதைப் பயன்படுத்தினதா 2021-ல சி.பி.ஐ. அறிக்கை சொல்லுச்சு. நாமளே விதியை மீறிட்டு அடுத்தவனை "விஷப் பட்டாசு"ன்னு சொன்னா எந்த மன்றத்துலயும் எடுபடாது. அதை விட முக்கியம், மருந்து கலக்குற ரூம்ல முதல்ல கருகுறது சீனாக்காரன் கை இல்லை, நம்ம ஊர்க்காரன் கை.

அதனால பேனர்ல நாட்டுப் பேரை அழிச்சிட்டு ரசாயனத்தோட பேரை எழுதுவோம். அதை முதல்ல நம்ம ஷெட் வாசல்ல மாட்டுவோம்.

என்ன சொல்றீங்க மக்களே? பின்னூட்டத்துல வெடிங்க, ஆனா பசுமைப் பட்டாசா இருக்கட்டும் :-)