மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றினானா?



'மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்' என்று தாத்தா, பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். நம்மைப் படைத்த கடவுள் நம்மைக் கைவிட மாட்டார் என்பது அதன் பொருள். பழமொழி நல்ல பழமொழிதான். ஆனால், நம் தெருக்களில் நடப்பதைப் பார்த்தால் ஒரு சந்தேகம் வருகிறது. மரம் வைத்தவர்கள் எல்லாரும் தண்ணீர் ஊற்றுகிறார்களா?

மரம் நடு விழா எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். குழி தயாராக இருக்கும். சிறப்பு விருந்தினர் வருவார். கன்றைக் குழியில் வைத்து, பூவாளியால் இரண்டு சொட்டுத் தண்ணீர் ஊற்றுவார். எல்லாரும் கை தட்டுவார்கள். 'இன்று நூறு கன்றுகள் நட்டோம்' என்று அறிவிப்பார்கள். நல்லது! ஆனால், மறுநாள் அந்தக் கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள்? அடுத்த மாதம் ஆடு வந்து மேய்ந்தால் யார் விரட்டுவார்கள்?

கன்று நடுவது ஒரு நாள் வேலை. அதை வளர்ப்பது இரண்டு, மூன்று வருட வேலை. ஆனால், நாம் பாராட்டை எல்லாம் முதல் நாளுக்கே கொடுத்து விடுகிறோம். இது சரியில்லை என்பது என் கருத்து. பாராட்ட வேண்டியவர்கள் யார் என்று தெரிந்துகொள்ள, கோட்டூர்புரத்துக்குப் போவோம், வாருங்கள்.

குப்பை மேடு பூங்கா ஆனது

சென்னை அடையாற்றின் கரையில், கோட்டூர்புரம் பறக்கும் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பொதுப்பணித் துறைக்குச் சொந்தமான இடம் ஒன்று இருக்கிறது. சுமார் 5 ஏக்கர். ஏறக்குறைய மூன்று கால்பந்து மைதானங்களைச் சேர்த்து வைத்த அளவு! ஒரு காலத்தில் அங்கே குப்பையைத்தான் கொட்டினார்கள்.

ஏன் அங்கே கொட்டினார்கள்? 'இது யாருக்கும் சொந்தமில்லாத இடம்' என்று நினைத்ததால்தான். நம் வீட்டு வாசலில் யாராவது குப்பையைக் கொட்டினால் சும்மா இருப்போமா? கேட்க ஆள் இல்லாத இடத்தில்தான் முதல் குப்பைப் பை விழும். அதைப் பார்த்து அடுத்த பை விழும். பிறகு லாரியே வந்து விடும்.

சென்னையில் மரங்களைக் காப்பதற்காக 2005-ம் ஆண்டு 'நிழல்' என்ற தன்னார்வ அமைப்பு தொடங்கப்பட்டது. இந்த அமைப்பைச் சேர்ந்தவர்கள் 2006-ல், அந்தப் பகுதி மக்களையும் சேர்த்துக்கொண்டு இந்த இடத்தைச் சீராக்கத் தொடங்கினார்கள். குப்பையை அகற்றினார்கள். நம் மண்ணுக்கு ஏற்ற மரக்கன்றுகளைத் தேடிக் கொண்டுவந்து நட்டார்கள். 'கோட்டூர்புரம் மரப் பூங்கா' பிறந்தது.

இதோடு கதை முடிந்திருந்தால், அதுவும் இன்னொரு மரம் நடு விழாதான். முடியவில்லை! வார விடுமுறை நாட்களில் தன்னார்வலர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மாணவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், ஓய்வு பெற்றவர்கள் என்று பலரும் அதில் உண்டு. தண்ணீர் ஊற்றுவது, களை எடுப்பது, பாத்தி கட்டுவது, உதிர்ந்த இலைகளைக் கன்றின் காலடியில் பரப்புவது... இவைதான் வேலை. இதற்குச் சம்பளம் கிடையாது. மேடையும் மாலையும் கிடையாது. அதனால்தான் அங்கே இன்று நிழல் இருக்கிறது.

எந்த மரம்? எந்த மாதம்?

பொறுப்பாக வளர்ப்பவர்கள் நடுவதற்கு முன்பே இரண்டு கேள்விகள் கேட்பார்கள். முதல் கேள்வி, எந்த மரம்?

நம் சாலைகளில் நிற்கும் தூங்குமூஞ்சி மரம் தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்தது. சிவப்பாய்ப் பூத்துக் குலுங்கும் குல்மோஹர், மடகாஸ்கர் தீவுக்காரர்! அழகுதான். ஆனால் நம் கடற்கரை மண்ணுக்கும், வெயிலுக்கும், புயலுக்கும் பல நூறு ஆண்டுகளாகப் பழகியவை புன்னை, புங்கம், பூவரசு, வெப்பாலை போன்ற மரங்கள். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோவிலின் தல மரம் எது தெரியுமா? புன்னைதான்!

இரண்டாவது கேள்வி, எந்த மாதம்? ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினம். 1973 முதல் கொண்டாடுகிறார்கள். உலகத்துக்கு அது சரியான நாளாக இருக்கலாம். சென்னையில் கத்திரி வெயில் முடிந்து அப்போது ஒரு வாரம்தான் ஆகியிருக்கும்! நமக்குப் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில்தான் பெய்கிறது. அந்த மழைக்குச் சற்று முன்னால் நட்டால், கன்று வேர் பிடிக்க வானமே உதவி செய்யும். ஜூன் மாதம் நட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், மழை வரும் வரை தண்ணீர் ஊற்ற ஆள் யார் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். அதற்குப் பிறகுதான் குழி தோண்ட வேண்டும்.

'இது மாநகராட்சி வேலை இல்லையா?'

'அப்பா, அம்மா வரி கட்டுகிறார்களே, பூங்காவைப் பராமரிப்பது மாநகராட்சி வேலைதானே?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வரி வாங்குகிறவர்கள் வேலை செய்யத்தான் வேண்டும். நாம் துடைப்பம் எடுத்துவிட்டோம் என்பதற்காக அவர்கள் ஒதுங்கிக்கொள்ளக் கூடாது. வேலி, விளக்கு, தண்ணீர்க் குழாய் எல்லாம் அவர்கள் பொறுப்பு.

ஆனால், ஒரு கன்று வாடுகிறது என்பதை முதலில் பார்ப்பது யார்? தினமும் அந்த வழியாகப் பள்ளிக்குப் போகிற நீங்கள்தான். எத்தனை ஊழியர்களைப் போட்டாலும், அந்தத் தெருவிலேயே குடியிருப்பவர்களின் கண்ணுக்கு அது ஈடாகாது.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. ஒரே நாளில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அப்போது ஓர் உண்மை வெளியே தெரிந்தது. அடிமரம் வரை சிமென்ட் பூசப்பட்ட மரங்கள் சாலையோரத்தில் எத்தனையோ! சிமென்ட் பூசினால் மழைநீரும் காற்றும் வேருக்குப் போகாது. வேர் பரவ இடமும் இருக்காது. அப்படிப்பட்ட மரம் புயலை எப்படித் தாங்கும்? சாய்ந்த மரங்களில் சிலவற்றைக் கிளை கழித்து, நிமிர்த்தி வைத்து, தன்னார்வலர்கள் காப்பாற்றினார்கள். சிமென்டை முன்பே அகற்றியிருந்தால் அவற்றில் சில சாயாமலே இருந்திருக்கும்.

அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்தில் உள்ள ஆலமரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வயது சுமார் 450. 1989-ல் அடித்த புயலில் அதன் தாய்மரம் விழுந்து விட்டது. ஆனாலும் ஆலமரம் இருக்கிறது! எப்படி? மண்ணில் ஊன்றிய விழுதுகள் அதைத் தாங்கி நிற்கின்றன. பொது இடங்களும் அப்படித்தான். திறந்து வைத்தவர் போய்விடுவார், அதிகாரி மாற்றலாகிப் போவார். சுற்றிலும் இருக்கும் மக்கள்தான் விழுதுகள்.

நீங்கள் என்ன செய்யலாம்?

எல்லாராலும் கோட்டூர்புரம் போக முடியாது. போகவும் வேண்டாம். தி.நகரோ, மயிலாப்பூரோ, மந்தைவெளியோ, உங்கள் தெருவிலேயே வேலை இருக்கிறது.

* நாலு பேர் சேர்ந்து ஒரே ஒரு கன்றைத் தத்தெடுங்கள். கிழமை பிரித்துக்கொண்டு தண்ணீர் ஊற்றுங்கள். காய்கறி கழுவிய தண்ணீரே போதும்!

* மரத்தில் ஆணி அடித்து விளம்பரப் பலகை மாட்டியிருக்கிறதா? பட்டைக்கு அடியில்தான் இலையிலிருந்து வேருக்கு உணவு போகும் பாதை இருக்கிறது. ஆணி அதைக் காயப்படுத்தும். பெரியவர்களை அழைத்து வந்து பிடுங்கச் சொல்லுங்கள்.

* கன்றாக இருந்தபோது போட்ட இரும்புக் கூண்டு, வளர்ந்த மரத்தை இறுக்குகிறதா? அதையும் பெரியவர்களிடம் சொல்லி அகற்றச் செய்யுங்கள்.

* உதிர்ந்த இலைகளை எரிக்காதீர்கள். மரத்தடியிலேயே பரப்புங்கள். ஈரமும் காயாது, உரமும் ஆகும்.

கடைசியாக, ஒரு முக்கியமான வேலை. அடுத்த முறை உங்கள் பள்ளியில் மரம் நடு விழா நடக்கும்போது, ஆசிரியரிடம் பணிவாக ஒரு கேள்வி கேளுங்கள்: 'மூன்று வருடத்துக்கு முன்னால் நட்ட கன்றுகளில் இன்றைக்கு எத்தனை உயிரோடு இருக்கின்றன, சார்?'

பரிசு கொடுப்பதாக இருந்தால், அந்த எண்ணிக்கைக்குக் கொடுக்கட்டும். அதிகக் கன்றுகள் நட்ட வகுப்புக்கு வேண்டாம். அதிகக் கன்றுகளைப் பிழைக்க வைத்த வகுப்புக்குக் கோப்பை! அப்படி ஒரு பரிசு வந்தால், நம் பழமொழி தெருவிலும் உண்மையாகி விடும்.

பூவாளி ரெடியா?